“மூளைல பழுதா மிஸ்?” என்டு கேட்ட தங்கச்சிக்கு

களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி நீளமா எழுதியிருக்கா, முழுக்கப் போட இடம் காணாது, சுருக்கித் தாறன். மகனுக்கு எட்டு வயசு, தரம் 3. எட்டு மாசத்துல பிறந்தவன், நடக்கத் தொடங்கினதே ஒண்டரை வயசுக்குப் பிறகுதான். கதை சொல்லச் சொன்னா விடாமச் சொல்லுவான், மனக்கணக்கு டக்கென்டு வரும், ஆனா கொப்பிய விரிச்சா எழுத்து கோட்டுக்கு மேலயும் கீழயும் ஓடுது, பென்சில் நுனி உடையுது, போர்ட்ல இருக்கிறதுல பாதிய எழுதுறதுக்குள்ள பெல் அடிச்சிருது. சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாது, சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாது, இடியப்பமும் சொதியும் குடுத்தா கோப்பைல பாதி மேசைல பாதி. பந்த எறிஞ்சா அது நெஞ்சுல பட்டு விழுந்த பிறகுதான் ரெண்டு கையும் மூடுது. ஸ்கூல்ல சின்னவங்களுக்குக் கூத்துப் பழக்குறாங்களாம், இவனுக்கு அதுல சரியான ஆசை, ஆனா மிதி பிழைக்குது என்டு பின்னால நிக்கப் போட்டுட்டாங்களாம்.

“ஸ்கூல்ல சோம்பேறி என்டுறாங்க, மாமி கண்ணூறு என்டு நூல் கட்டியிருக்கா, தெரிஞ்ச ஒராள் பிரைவேட்டா மூளைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துப் பாருங்க என்டாரு, காசுக்கு நகைய அடகு வைக்கலாமா என்டு யோசிக்கிறன். மூளைல பழுதா மிஸ்? அவன் வயித்துல இருக்கக்குள்ள நான் மோட்டார் சைக்கிள்ல வேலைக்குப் போனதாலயா? தரம் 5 ஸ்கொலர்ஷிப் எழுதுவானா?” இதுதான் கேள்வி.

தங்கச்சி, ஸ்கேன் வேணாம், நகை அலுமாரிலயே இருக்கட்டும். அத முதல்ல சொல்லிப் போட்டுத்தான் மற்றதெல்லாம்.

நீங்க எழுதினத வைச்சுப் பார்த்தா, டெவலப்மென்டல் கோஓர்டினேஷன் டிஸோர்டர், சுருக்கமா டிசிடி என்டு சொல்ற விஷயத்தோட, அதாவது உடம்பு அசைவுகள ஒருங்கிணைக்கிறதுல வாற ஒரு வளர்ச்சிக் குறைபாட்டோட, இது நல்லா ஒத்துப்போகுது. டிஸ்பிராக்ஸியா என்டும் சிலர் சொல்லுவாங்க. கடிதத்த வாசிச்சுப் போட்டு இதுதான் என்டு நான் முத்திரை குத்த மாட்டன், புள்ளைய நேர பார்க்காம யாரும் குத்தவும் கூடாது. ஆனா இது ஒண்டும் எங்கயோ ஒராளுக்கு வாற அபூர்வ நோய் இல்ல, பள்ளிக்கூட வயசுப் புள்ளைகள்ல 100க்கு 5, 6 பேருக்கு இருக்கு என்டுதான் பொதுவாச் சொல்றது, பொம்பிளைப் புள்ளைகள விட ஆம்பிளைப் புள்ளைகள்ல கூட. அப்ப நாப்பது பேர் இருக்கிற வகுப்புல ரெண்டு பேராவது இருப்பாங்க, அப்பிடியானவங்கள்ல கனபேருக்கு ரிப்போர்ட்ல “கவனமின்மை, அக்கறை போதாது” என்டு எழுதிப்போட்டு அதோட விட்டிருப்பாங்க. முந்தி வெளிநாட்டு டொக்டர்மார் கூட “குளம்ஸி சைல்ட்”, அதாவது தடுமாறுற புள்ளை என்டுதான் எழுதினாங்க, டிசிடி என்ட பேர் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டுக்குள்ள வந்ததே 1987லதான். அதனால ஊர்ல யாருக்கும் தெரியல என்டு ஆச்சரியப்பட ஒண்டுமில்ல.

மூளைக் கதைக்குப் போக முந்தி ஒரு விஷயம், ஏனென்டா இது பிந்தக் கூடாது. நான் சொல்ற டிசிடி என்டது சின்ன வயசுல இருந்தே இருக்கிறது, மெதுவாவது முன்னேறிக்கிட்டுப் போறது. போன வருஷம் செஞ்சத இந்த வருஷம் செய்ய ஏலாமப் போனா, ஒரு பக்கக் கை கால் மட்டும் பலம் குறைஞ்சு இருந்தா, காலைல தலையிடியோட சத்தி எடுத்து நடை தள்ளாடத் தொடங்கினா, வலிப்பு வந்தா, அது வேற கதை, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆம்பிளைப் புள்ளைகள்ல இன்னொண்டு: நிலத்துல இருந்து எழும்பக்குள்ள கைய முழங்கால்ல, தொடைல ஊண்டி ஊண்டி தன்னையே ஏத்திற மாதிரி எழும்புறது, கெண்டைக்கால் சதை தடிச்சு இருக்கிறது, படி ஏறக் கஷ்டப்படுறது. இது தசைநார் நோயா இருக்கலாம், சிகே என்டு ஒரு ரத்தப் பரிசோதனைல துப்புக் கிடைச்சிரும். உங்கட மகன்ட கதைல இதுல ஒண்டும் இல்ல, ஆனாலும் டொக்டர் பார்க்கக்குள்ள எழும்பி, நடந்து, ஒத்தக் கால்ல நிண்டு எல்லாம் காட்டச் சொல்லுவார், அது இதுக்குத்தான். கண்ணையும் ஒருக்காக் காட்டிருங்க, பார்வை மங்கலா இருக்கிற புள்ளையும் பந்தத் தவற விடும்தானே.

இனி மூளை.

நீங்க ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்க. குசினில தண்ணிக் குடம் நிறைஞ்சு இருக்கு என்டு நெனைச்சு வெறுங்குடத்தத் தூக்கினா என்ன நடக்கும்? கை சடாரென்டு மேல போகும். ஏன் அப்பிடிப் போகுது? குடத்தத் தொட முந்தியே மூளை அதுன்ட பாரத்தக் கணக்குப் போட்டு அதுக்கேத்த பலத்த தசைக்கு அனுப்பிட்டு, கணக்குப் பிழைச்சிட்டு. இந்த முன்கூட்டிக் கணக்குப் போடுற வேலைய நாம ஒவ்வொரு அசைவுக்கும் செய்றம், ஆனா எங்களுக்குத் தெரியிறதில்ல. மூளைல இருந்து தசைக்கு “அசை” என்டு ஒரு கட்டளை போகக்குள்ள, அதே கட்டளைன்ட ஒரு பிரதி சிறுமூளைக்கும் போகுது, அங்க “இந்தக் கட்டளை போனா கை இப்ப இந்த இடத்துல இருக்கும், விரல் இப்பிடி உணரும்” என்டு ஒரு எதிர்பார்ப்பு உருவாகுது, பிறகு கையும் கண்ணும் உண்மையான செய்திய அனுப்பக்குள்ள ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இருந்தா அடுத்த தரம் கட்டளையத் திருத்துது. உங்கள நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டினா சிரிப்பு வராததுக்கும் இதுதான் காரணம், வாற தொடுகைய மூளை முன்னமே கணிச்சு அடக்கி வைச்சிருது.

இது ஏன் தேவை என்டா, கண்ணுல பட்டது மூளைக்குப் போய் அது திரும்பக் கைக்கு வந்து சேர ஒரு செக்கன்ட பத்துல ஒரு பங்குக்கு மேல எடுக்கும். கொஞ்ச நேரம்தானே என்டு தோணும். வாற பந்துக்கு அது கன நேரம். பந்து எங்க வந்து சேரும் என்டு முந்தியே கணிச்சு, பந்து வர முந்தியே கை மூடத் தொடங்கணும், வந்த பிறகு மூடினா பிந்திட்டு. நீங்க எழுதினீங்க பாருங்க, நெஞ்சுல பட்டு விழுந்த பிறகுதான் கை மூடுது என்டு, அந்த ஒரு வரில ஒரு புத்தகத்துக்குள்ள இருக்கிற விஷயம் இருக்கு. மகன்ட கைக்குப் பலம் இல்லாம இல்ல, அவன் பந்தப் பார்க்காமலும் இல்ல. முன்கூட்டிக் கணிக்கிற அந்த வேலை அவனுக்குத் தடுமாறுது, அதனால கண்ணால கண்டு உறுதிப்படுத்தின பிறகுதான் கைய ஓட்டுறான். டிசிடிக்கு இன்டைக்கு ஆராய்ச்சியாளர் சொல்ற விளக்கங்கள்ல கூட ஆதாரம் இருக்கிறது இதுக்குத்தான், ஒரே விளக்கம் இதுதான் என்டு நான் சொல்ல வரல.

இந்த வேலைல சிறுமூளைதான் பெரிய ஆள். பேர் சிறுமூளை என்டாலும், மொத்த மூளை நிறைல ஏறத்தாழ பத்துல ஒரு பங்குதான் என்டாலும், 2009ல எண்ணிப் பார்த்த ஒரு கணக்குப்படி மனிச மூளைல இருக்கிற 8,600 கோடி நியூரோன்ல, அதாவது நரம்புக் கலங்கள்ல, 6,900 கோடி அதுக்குள்ளதான் இருக்கு. அதோட தனிய இல்ல, உச்சந்தலைக்குப் பின்பக்கம் இருக்கிற பரைட்டல் பகுதி கண் சொல்றதையும் கை சொல்றதையும் ஒண்டா இணைச்சு “என்ட கை எங்க, சாமான் எங்க” என்டு பார்க்குது, உள்ளுக்க ஆழமா இருக்கிற பேசல் கங்லியா பழகினத பழக்கமா மாத்த உதவுது, நெத்திக்குப் பின்னால இருக்கிற பகுதி யோசிச்சுத் திட்டம் போடுது. இதுகளுக்கு இடைல ஓடுற நரம்பு நார்கள் நல்லாக் கொழுப்பு உறை போட்டு முதிரத்தான் செய்தி வேகமா ஓடும், அது இளவயசு வரைக்கும் நடந்துக்கிட்டே இருக்கும். டிசிடி இருக்கிற புள்ளைகள்ல இந்த நார்கள்ன்ட அமைப்புல, குறிப்பா அசைவுக் கட்டளை கீழ இறங்குற பாதைலயும் உணர்வுச் செய்தி மேல ஏறுற பாதைலயும், வித்தியாசம் தெரியுது என்டு சில ஆய்வுகள் காட்டியிருக்கு.

உங்கட மகனுக்கு எட்டு மாசத்துல பிறந்தது இங்க ஒரு சேதி. கர்ப்பத்துன்ட கடைசி மூணு மாசத்துலதான் சிறுமூளை சரியான வேகத்துல வளருது, நார்களும் அப்பதான் அமையுது, அதனால குறைமாசத்துல பிறந்தவங்களுக்கு டிசிடி வாற வாய்ப்புக் கூட, அதுலயும் 32 கிழமைக்கு முந்திப் பிறந்தாலோ 1,500 கிராமுக்குக் குறைஞ்சு இருந்தாலோ இன்னும் கூட. அதுக்காகக் குறைமாசப் புள்ளைகள் எல்லாருக்கும் வருது என்டு இல்ல, முழு மாசத்துல பிறந்தவங்களுக்கும் கனக்க வருது, குடும்பத்துலயும் ஓடும். அவன்ட அப்பா சின்ன வயசுல எப்பிடி இருந்தார் என்டு மாமிட்ட மெல்ல விசாரிச்சுப் பாருங்க, நூல் கட்டின கையோட நல்ல கதை வரும். மோட்டார் சைக்கிள்ல போனதாலதான் இது வந்தது என்டு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல, அந்தப் பாரத்த இன்டையோட இறக்கி வைங்க.

அப்ப மூளைல வித்தியாசம் இருக்கு என்டுறீங்க, ஸ்கேன் வேணாம் என்டும் சொல்றீங்க, இது என்ன கதை என்டு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்த ஆய்வுகள் எல்லாம் டிசிடி இருக்கிற ஒரு கூட்டத்துன்ட சராசரியையும் இல்லாத ஒரு கூட்டத்துன்ட சராசரியையும் ஒப்பிடுறது. சராசரில வித்தியாசம் வரும், ஆனா தனி ஒரு புள்ளைன்ட ஸ்கேன கைல குடுத்து “இவனுக்கு இருக்கா இல்லையா” என்டு கேட்டா உலகத்துல எந்த ரேடியோலஜிஸ்டும் சொல்ல மாட்டார். நீங்க காசு கட்டி எடுத்தா ரிப்போர்ட்ல அநேகமா “நோர்மல்” என்டுதான் வரும், வந்த உடனே ஸ்கூல்ல “பார்த்தீங்களா, ஒண்டும் இல்ல, சோம்பேறித்தனம்தான்” என்டுவாங்க. அதுதான் எனக்குப் பெரிய பயம். சின்னப் புள்ளைகள் அந்த மெசினுக்குள்ள அசையாமக் கிடக்க மாட்டாங்க என்டு மயக்க மருந்து குடுக்கிற தேவையும் வரலாம். நான் மேல சொன்ன அறிகுறி ஏதும் இருந்து டொக்டர் கேட்டா எடுங்க, அது வேற. டிசிடியக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்ல, பாசி கோக்க வைச்சு, காசு உண்டியல்ல போட வைச்சு, பந்து பிடிக்க வைச்சு, ஒத்தக் கால்ல நிக்க வைச்சு, அவன்ட வயசுக்கு எவ்வளவு பிந்தி இருக்கான் என்டு அளக்கிற சோதனைகள் இருக்கு, அதோட வீட்டுலயும் ஸ்கூல்லயும் அது எவ்வளவு பாதிக்குது என்டு கேட்டு எழுதுறது, அவ்வளவுதான் முறை.

ஆனா அந்த ஸ்கேன் ஆய்வுகள்ல இருந்து அம்மாமாருக்கு உதவுற ஒரு விஷயம் இருக்கு, அதுதான் இவ்வளவும் எழுதினதுக்கே காரணம். கனடாவுல ஜில் ஸ்விக்கர் என்ட ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2010ல ஒரு வேலை செய்தாங்க. ஸ்கேன் மெசினுக்குள்ள புள்ளைகளப் படுக்க வைச்சு, ஜொய்ஸ்டிக்கால ஒரு பூ வடிவத்துக் கோட்டுக்குள்ளால கோடு இழுக்க வைச்சாங்க. டிசிடி இருக்கிற புள்ளைகளும் மற்றவங்களும் இழுத்த கோடு ஏறத்தாழ ஒரே தரம்தான். ஆனா அந்த ஒரே கோட்டுக்கு டிசிடி புள்ளைகள்ன்ட மூளைல ஏறத்தாழ ரெண்டு மடங்கு இடங்கள் வேலை செஞ்சுது. பக்கத்துக்கு ஏழு ஏழு புள்ளைகள்தான், சின்ன ஆய்வு, இத வைச்சுக் கோயில் கட்ட ஏலாது. என்டாலும் எங்களப் போல தினம் புள்ளைகளோட இருக்கிறவங்களுக்கு அது கண்ணால கண்ட விஷயம். அடுத்த வருஷம் அதே ஆக்கள் இன்னொண்டு போட்டாங்க: மூணு நாள் அதே கோட்ட இழுத்துப் பழக விட்டுத் திரும்பப் பார்த்தா, மற்றப் புள்ளைகள் திருத்தமா இழுக்கப் பழகிட்டாங்க, டிசிடி புள்ளைகள் முன்னேறல, பழகுறதுக்கு உழைக்க வேண்டிய சிறுமூளை, பரைட்டல் பகுதி, நெத்திப் பகுதி வலையும் அவங்கள்ல குறைவாத்தான் வேலை செஞ்சுது.

இப்ப யோசிங்க. “எழுத்து வடிவில்ல, பத்துத் தரம் எழுது” என்டு தண்டனை குடுக்கிறது எவ்வளவு வீண் வேலை என்டு. சும்மா திரும்பத் திரும்பச் செய்தா தானா விஷயம் பிடிபடுற மூளை இது இல்ல. பத்துத் தரம் எழுதினா பத்துத் தரமும் அதே பிழைய அதே கஷ்டத்தோட எழுதியிருப்பான், கை வலி மட்டும் மிச்சம்.

நீங்க மோட்டார் சைக்கிள் ஓடுறவதானே. பழகின புதுசுல கிளச்சு எது பிரேக்கு எது என்டு யோசிச்சு, யாரும் கதைச்சா “சும்மா இரி” என்டு கத்திக்கிட்டுத்தானே ஓடியிருப்பீங்க, இப்ப கல்லடிப் பாலத்துல சனத்துக்குள்ளால போய்க்கிட்டே பின்னால இருக்கிற மகனுக்குப் பதில் சொல்றீங்க, கைக்கு வேலை விட்டுப் போச்சு, தலை சும்மா இருக்கு. உங்கட மகன் எழுதுறதுல இன்னும் அந்த முதல் கிழமைலயே நிக்கிறான். ன போடக்குள்ள எத்தின சுழி, ண போடக்குள்ள எத்தின சுழி, எங்க நிப்பாட்டணும், எந்தக் கோட்டுல இறக்கணும் என்டு ஒவ்வொண்டுக்கும் கவனம் குடுத்தே ஆகணும், குடுத்துக்கிட்டு இருக்கக்குள்ள டீச்சர் சொன்ன அடுத்த வசனம் காதுல விழாது. பிறகு ண மூணு சுழிக்குப் பதிலா ரெண்டு சுழியோட நிக்கும், “எழுத்துப் பிழை” என்டு சிவப்புக் கோடு வரும், ஆனா எழுத்து அவனுக்குத் தெரியும், வாயால கேட்டுப் பாருங்க. பின்னேரம் வீட்டுக்கு வந்து சுருண்டு படுக்கிறது கூட அந்தக் களைப்புத்தான். இதத்தான் சோம்பேறி என்டுறாங்க.

இனி என்ன செய்ற.

2019ல வந்த சர்வதேச வழிகாட்டல்ல தெளிவாச் சொல்லியிருக்கு, எந்த வேலை அவனுக்குத் தேவையோ அந்த வேலையையே பழக்குங்க என்டு. எழுத வேணும் என்டா எழுத்து, பொத்தான் என்டா பொத்தான். தோல்ல ப்ரஷ் பண்றது, மூளை டொனிக், பந்துல குந்த வைச்சு ஆட்டுறது, ஒரு கால ஒரு கைய மாத்தி மாத்தித் தொட வைச்சு “ரெண்டு பக்க மூளையும் சேருது” என்டு சொல்றது, இதுகள வைச்சு எழுத்துத் திருந்தும் என்டு நம்பிக் காசு போட வேணாம். விளையாட்டாச் செய்தா செய்யட்டும்.

பழக்குற விதத்துலதான் விஷயம். கனடாவுல ஹெலன் பொலட்டாய்கோ, அஞ்சலா மண்டிச் என்ட ரெண்டு பேர் வளர்த்த ஒரு முறை இருக்கு, நாங்களும் அதத்தான் பாவிக்கிறம். புள்ளையே ஒரு இலக்குச் சொல்லணும், எப்பிடிச் செய்யலாம் என்டு அவனே ஒரு திட்டம் சொல்லணும், செய்து பார்க்கணும், சரி வந்ததா என்டு அவனே பார்க்கணும். பெரியவங்க வேலை சொல்லிக் குடுக்கிறது இல்ல, கேக்கிறது. சிறுமூளை தானா பிடிக்காதத வாயாலயும் யோசனையாலயும் சுத்திப் பிடிக்கிறது என்டு வைங்களேன்.

ஒரு பொடியன் என்னட்ட வந்தான், மகன்ட வயசுதான். பொத்தான் பூட்டச் சொன்னா முகட்டப் பார்த்துக்கிட்டு ரெண்டு கையாலயும் சட்டையப் பிசையுறான். “பொத்தான் எங்க போகணும்?” என்டன். “உள்ளுக்கு.” “ஓட்டை எந்தக் கைல?” அப்பதான் முதல் தரமாக் குனிஞ்சு பார்த்தான். ஓட்டை இருக்கிற துணிய முழுசா முஷ்டிக்குள்ள பொத்திப் பிடிச்சிருக்கான், பொத்தான் போக வழியே இல்ல. நான் ஒண்டும் சொல்லல. கொஞ்ச நேரம் பார்த்துட்டு விரல விட்டான், ஓட்டைன்ட ஓரத்த மட்டும் நுனி விரலால பிடிச்சான், மற்றக் கைப் பெருவிரலால பொத்தானத் தள்ளினான், பாதி வெளிய வந்துட்டு. “தள்ளு, பிடி, இழு” என்டு அவனே ஒரு பாட்டு மாதிரி வைச்சுக்கிட்டான். மேல் பொத்தான்ல தொடங்கல நாங்க, வயித்துக்கிட்ட இருக்கிற கீழ்ப் பொத்தான்ல தொடங்கினம், ஏனென்டா அதத்தான் குனிஞ்சு பார்க்க ஏலும், கழுத்துப் பொத்தான் கடைசி. நீங்களும் அப்பிடியே செய்யுங்க, காலைல ஸ்கூல் அவசரத்துல இல்ல, பின்னேரம், பத்து நிமிஷம், ஒரு நேரத்துல ஒரு வேலை. லேஸ் விஷயத்த இப்போதைக்கு விடுங்க, ஒட்டுற சப்பாத்து வாங்கிக் குடுங்க, எல்லாத்தையும் ஒரேயடியாத் திருத்தப் போனா ஒண்டும் திருந்தாது.

எழுத்துக்கு: முதல்ல அவன் இருக்கிற இருப்பப் பாருங்க. கால் நிலத்துல படாமத் தொங்கிக்கிட்டு இருந்தா உடம்ப நிமித்திப் பிடிக்கிறதுலயே கவனம் போயிரும், காலுக்குக் கீழ ஒரு பலகையோ பழைய பெட்டியோ வைங்க. பெருவிரல் நகம் வெள்ளையாப் போற அளவுக்கு அழுத்துறானா, எழுத்து அடுத்த பக்கங்கள்லயும் பதியுதா என்டு பாருங்க. கனக்கப் புள்ளைகள் அழுத்திப் பிடிக்கிறது, அழுத்தினாத்தான் விரல் எங்க இருக்கு என்டு தெரியுது போல. கொஞ்சம் தடிச்ச பென்சில், மென்மையான லெட், இரட்டைக் கோட்டுக் கொப்பி, கணக்குக்குச் சதுரக் கட்டம் போட்ட கொப்பி. ஒரு பக்கம் எழுத வைக்கிறத விட்டுட்டு அஞ்சு சொல்லு எழுதட்டும், எழுதினதுல வடிவான எழுத்து எது என்டு அவனே வட்டம் போடட்டும், ஏன் அது வடிவு என்டு கேளுங்க. மற்ற எல்லாத்தையும் அழிச்சு அழிச்சு எழுத வைக்காதீங்க.

கூத்துப் பற்றி நீங்க ஒரு வரிலதான் எழுதியிருந்தீங்க, எனக்கு அதுதான் கனக்கப் பிடிச்சுது. அண்ணாவிமார் பழக்குற முறையப் பாருங்க, தாளக்கட்ட முதல்ல வாயால சொல்ல வைச்சு, பிறகு அதுக்குக் காலப் போட வைச்சு, மத்தளமும் சல்லரியும் பிறகு சேரும், ஒரு மிதிய ஆறுதலா எத்தின தரம் சொல்லிக் குடுப்பாங்க. நான் மேல சொன்ன கனடா முறை இதுல இருந்து கனதூரம் இல்ல. சத்தமாச் சொல்லிக்கிட்டுச் செய்றது இப்பிடிப் புள்ளைகளுக்குக் கைகுடுக்கும். மிதி எல்லாம் சரியா வரும் என்டு நான் வாக்குத் தர மாட்டன், தாளத்துக்குச் சரியா அடி வைக்கிறதே இவங்களுக்குக் கஷ்டமான வேலைகள்ல ஒண்டு. ஆனா பழக்குற சேர்ட்ட போய் “ஒரே ஒரு தாளத்த வீட்டுல பழகிட்டு வரட்டுமா சேர்” என்டு கேளுங்க, போன்ல ரெக்கோட் பண்ணித் தரச் சொல்லுங்க. ஆட்டம் வராட்டிப் பிற்பாட்டுக்கு விடச் சொல்லுங்க, நல்லாக் கதைக்கிற புள்ளைதானே. எதுக்கும் வெளிய நிப்பாட்ட மட்டும் விடாதீங்க. டிசிடி புள்ளைகள் தோத்துத் தோத்து விளையாட்ட விட்டு ஒதுங்கிருவாங்க, ஒதுங்கினா உடம்பு போடும், மூச்சு வாங்கும், கூட்டாளிமார் குறையும், பிறகு மனசு சோரும், எனக்கு எழுத்த விட இதுதான் கவலை. கிளித்தட்டுல, கிரிக்கெட்ல இவன யாரும் சேர்க்க மாட்டாங்க, அது பந்தும் ஆக்களும் அசையுற விளையாட்டு. ஓட்டம், சைக்கிள் மாதிரித் தன்ட வேகத்துல செய்றதுகள் லேசு. சைக்கிள் பழக்க ரெண்டு பெடலையும் கழட்டுங்க, சீட்ட ரெண்டு காலும் நிலத்துல நல்லாப் படுற அளவுக்கு இறக்குங்க, காலால தள்ளித் தள்ளிச் சமநிலை பழகட்டும், அது வந்த பிறகு பெடலப் பூட்டலாம்.

ஸ்கூலுக்கு நீங்க போய்க் கதைக்கணும், சண்டைக்கு இல்ல. டீச்சருக்கும் தெரியாத விஷயம்தானே. போர்டப் பார்த்து எழுதுறதக் குறைச்சுத் தரச் சொல்லுங்க, கூட்டாளின்ட கொப்பிய போட்டோ எடுக்க விடச் சொல்லுங்க, விடைய வாயாலயும் கேக்கச் சொல்லுங்க, வடிவுக்கும் விஷயத்துக்கும் புள்ளி வேற வேறயாப் போடச் சொல்லுங்க. ஸ்கொலர்ஷிப்புக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, மூளைக்கு விளங்குற திறனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, எழுதுற வேகம்தான் பிரச்சின, அதால வைத்தியக் கடிதம் கைல இருந்தா மேலதிக நேரம் மாதிரி விசேட ஒழுங்குகளுக்கு விண்ணப்பிக்கிறது பற்றி அதிபர்ட்ட நேரத்தோடயே கேட்டு வைங்க, கடைசி மாசத்துல ஓட வேணாம். இடைல அவன் ஒரு இடத்துல இருக்க மாட்டான், சாமான துலைச்சுக்கிட்டே இருப்பான் என்டு இருந்தா அதையும் டொக்டர்ட்ட சொல்லுங்க, டிசிடி இருக்கிறவங்கள்ல ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏடிஎச்டி என்ட கவனக் குறைவு, துருதுருப்புப் பிரச்சினையும் சேர்ந்து இருக்கு, அதுக்கு வேற வைத்தியம்.

வளர வளரப் போயிருமா என்டு நீங்க கேக்கல, ஆனா மனசுல இருக்கும். பாதிக்கு மேற்பட்டவங்களுக்குப் பெரிய ஆளானாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், புதுசா ஒரு கை வேலை பழகக் கூட நாள் எடுக்கும். ஆனா பழகுவாங்க. கீபோர்ட்ல டைப் பண்ண இப்பவே மெல்லத் தொடங்கலாம், இன்னும் கொஞ்சம் பெருக்க அது கைகுடுக்கும்.

போக வேண்டிய இடம்: உங்கட எம்ஓஎச் ஒபிஸ்ல, அதான் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைல, சொன்னாலும் சரி, மட்டக்களப்பு போதனா ஆஸ்பத்திரிப் புள்ளைகள் கிளினிக்குக்கு நேர துண்டு எடுத்தாலும் சரி, கல்முனை உங்களுக்குக் கிட்ட என்டா அங்க போங்க. காசு இல்ல. அங்க புள்ளைகள் டொக்டர் பார்த்துட்டுத் தொழில்வழிச் சிகிச்சைக்கு, அதாவது எழுதுறது, உடுக்கிறது மாதிரித் தினசரி வேலைகளப் பழக்குற சிகிச்சைக்கு, எழுதித் தருவார். போகக்குள்ள பிறந்த நேரத்துக் கிளினிக் கார்டக் கொண்டு போங்க, எத்தின கிழமைல பிறந்தான், நிறை என்ன, எப்ப இருந்தான் எப்ப நடந்தான் எல்லாம் அதுல இருக்கும். எழுதுற கொப்பில ரெண்டு கொண்டு போங்க, நல்லா எழுதின பக்கத்தத் தேடிப் பிடிக்காம, ஒரு சாதாரண நாள் கொப்பி. சாப்பிடுறது, பொத்தான் பூட்டுறது, பந்து பிடிக்கிறது மூண்டையும் போன்ல சின்ன வீடியோவா எடுத்து வைங்க, ஏனென்டா டொக்டருக்கு முன்னால புள்ளைகள் ஒண்டையும் செய்து காட்ட மாட்டாங்க. மாமியும் வாறன் என்டா கூட்டிக்கிட்டுப் போங்க, இத நீங்க வீட்டுல சொல்றத விட டொக்டர் சொல்லி அவ கேட்டா கெதியா விளங்கும்.